மருத்துவமனைப் பதிவேட்டில் வறுமையைப் படிக்க முடியுமா? சர்க்கரை நோய்த் தரவு குறித்து ஒரு விவாதம்

பொதுநல மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் படித்து வருகிறேன். அரசு மருத்துவமனை ஒன்றின் தொற்றா நோய்ப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக எழுதப்பட்ட பதிவுகள், பெயர், கைபேசி எண், கதவு எண் ஆகியவை நீக்கப்பட்டு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் என் ஆய்வேட்டுக்காகக் கிடைத்திருக்கின்றன. வயது, பாலினம், ஊர், தொழில், வந்த தேதி, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, எழுதிக் கொடுத்த மாத்திரை ஆகியவை அதில் உள்ளன. சர்க்கரை நோய் கட்டுக்குள் இருப்பதற்கும் வறுமைக்கும் ஊரின் தொலைவுக்கும் என்ன தொடர்பு என்பதே என் கேள்வி.

முதல் கணக்கிலேயே நான் எதிர்பாராத ஒன்று வந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருக்களில் இருந்து வருகிறவர்களைக் காட்டிலும், இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய சிற்றூர்க்காரர்களுக்குச் சர்க்கரை அளவு குறைவாக இருக்கிறது. உடல் உழைப்பு, உணவு என்று இதற்கு ஒரு விளக்கத்தை எளிதாக எழுதிவிடலாம். ஆனால் அந்த ஊர்களில் ஒன்று என் அம்மா பிறந்த ஊர். அங்கே கால் விரல் எடுக்கப்பட்டவர்களையும், பார்வை மங்கி வீட்டோடு இருப்பவர்களையும் எனக்குத் தெரியும். நான் கண்டதும் கணக்குச் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

ஊரக மருத்துவர் எழுதியது:

உங்கள் கணக்கு தவறாக இருக்க வேண்டியதில்லை அம்மா. அது யாரைப் பற்றிய கணக்கு என்பதை முதலில் பாருங்கள். பதிவேட்டில் இருப்பவர் மருத்துவமனைக்கு வந்தவர். பக்கத்துத் தெருக்காரர் உடம்பு சரியில்லாதபோதும் வருவார், நன்றாக இருக்கும்போதும் வருவார். தொலைவில் இருப்பவருக்கோ ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் போகும், துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய கூலியும் போகும். இத்தனையையும் தாங்கி மாதந்தோறும் வருகிறவர், மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் சொல்லும் விரல் இழந்தவர்கள் உங்கள் ஏட்டில் ஓரிரு வரிகளோடு நின்று போயிருப்பார்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் அளவுகோல் உண்டு. 2020 ஆம் ஆண்டு வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்ட, ஸ்டெப்ஸ் என்னும் தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. எந்த மருத்துவமனை ஏட்டைப் புரட்டினாலும் இதைவிட நல்ல எண்தான் கிடைக்கும், ஏனென்றால் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களும், அறிந்தும் மருந்தை நிறுத்தியவர்களும் அந்த ஏட்டில் இல்லை.

எடின்பரோ தமிழர் எழுதியது:

மருத்துவர் சொன்னதையே இன்னொரு பக்கத்தில் இருந்து சொல்ல விரும்புகிறேன். நான் ஸ்காட்லாந்தில் மருத்துவத் தரவுகளோடு வேலை செய்கிறேன். இங்கே ஏறக்குறைய எல்லோரும் ஏதேனும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். பத்து இலக்கம் கொண்ட ஒரே நலவாழ்வு எண் பிறப்பு முதல் இறப்பு வரை ஒருவரைத் தொடரும். ஆகவே மருத்துவரைப் பார்க்கவே வராத ஒருவரும் எங்கள் கணக்கில் ‘வராதவர்’ என்று இருக்கிறார். வகுக்கும் எண், அதாவது மொத்தம் எத்தனை பேர் என்பது, கையில் இருப்பதால்தான் இங்கே பதிவுகளைக் கொண்டு பெரிய கேள்விகளைக் கேட்க முடிகிறது.

2012 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஸ்காட்லாந்தின் 314 குடும்ப மருத்துவ நிலையங்களில் பதிவான 17,51,841 பேரின் பதிவுகளில், நாற்பது நீண்டகால நோய்கள் யார் யாருக்கு இருக்கின்றன என்று பார்த்தார்கள். 23.2 விழுக்காட்டினருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நோய்கள் ஒன்றாக இருந்தன. மிக வறிய பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இந்தப் பல்நோய் நிலை, வசதியான பகுதிகளில் வாழ்பவர்களைக் காட்டிலும் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. உடல் நோயோடு மனநலக் கோளாறும் சேர்ந்திருப்பவர்கள் மிக வறிய பகுதிகளில் 11 விழுக்காடு, மிக வசதியான பகுதிகளில் 5.9 விழுக்காடு. பல்நோய் முதியோருக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் இதில் உடைந்தது. தலைகளை எண்ணினால் 65 வயதுக்குக் கீழே இருந்தவர்களே அதிகம்.

அந்தப் பதிவுகளில் யாருடைய வருமானமும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டு முகவரியின் அஞ்சல் குறியீட்டை வைத்து, அந்தப் பகுதியின் வறுமை மதிப்பெண்ணோடு இணைத்தார்கள். அந்த மதிப்பெண் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்து வருவது. வீட்டு நெரிசல், ஆண்களின் வேலையின்மை, தாழ்ந்த தொழில் நிலை, சொந்தக் கார் இல்லாமை ஆகிய நான்கும் சேர்ந்தது.

ஆனால் இங்கும் பதிவேட்டை அப்படியே நம்பிவிட முடியாது. 2004 ஏப்ரல் முதல் பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களுக்குச் சில நோய்களை முறையாகப் பதிந்து கவனித்ததற்கு மதிப்பெண் கொடுத்து, அதற்கேற்பப் பணமும் கொடுத்தார்கள். அதன் பிறகு சில நோய்கள் ஏடுகளில் திடீரென்று ஒழுங்காகத் தெரியத் தொடங்கின. 2003 ஐயும் 2006 ஐயும் ஒப்பிட்டு நோய் பெருகிவிட்டது என்று எழுதுகிறவர், எழுத்தர் வேலையின் மாற்றத்தை நோயின் மாற்றமாக எடுத்துக்கொள்கிறார். உங்கள் ஐந்து ஆண்டுகளில் படிவம் மாறியதா, கணினிக்கு மாறினார்களா என்று கேட்டுவிடுங்கள்.

தொற்றா நோய்ச் செவிலியர் எழுதியது:

நான் ஆய்வு செய்கிறவள் அல்ல. இப்படி ஒரு பதிவேட்டைப் பல ஆண்டுகளாக என் கையால் எழுதி வருகிறவள். அந்த மாணவி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சர்க்கரை அளவு என்ற கட்டத்தில் இருப்பது எந்தச் சர்க்கரை?

தொலைவில் இருந்து வருகிறவர்கள் முதல் பேருந்தைப் பிடிக்க விடிவதற்கு முன்பே வெறும் வயிற்றோடு கிளம்புவார்கள். முந்தைய இரவு ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். எங்களிடம் வரிசையில் நின்று இரத்தம் கொடுக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். சோதனைக்குப் போகிறோம் என்பதற்காகக் கடைசி நான்கு நாள் மட்டும் மாத்திரையைத் தவறாமல் போட்டு, சோற்றையும் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பக்கத்துத் தெருக்காரர் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கடைக்கு வந்த வழியில் எட்டிப் பார்த்து இரத்தம் கொடுப்பார். இரண்டும் ஒரே கட்டத்தில்தான் எழுதப்படும். நேரம் இல்லாத நாளில் வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகா என்ற குறிப்பு விடுபட்டுப் போகும். அது எங்கள் குறைதான். ஒரு முற்பகலில் வரிசை எவ்வளவு நீளும் என்பதைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் இந்த வேறுபாடு இல்லை. ஆனால் அதை எல்லோருக்கும் செய்ய வசதி இருப்பதில்லை. மருத்துவர் சந்தேகப்பட்டு எழுதினால்தான் செய்வோம். அதனால் அந்தச் சோதனை முடிவு இருப்பவர்கள் எல்லோருமே நோய் கொஞ்சம் முற்றியவர்களாகத் தெரிவார்கள்.

இன்னொன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது. எங்கள் ஏட்டில் அவர்கள் பல மாதம் வராதவர்களாகத் தெரிவார்கள். அவர்களை மருந்தை நிறுத்தியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

பொதுநல மாணவி எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தரவை மீண்டும் திறந்து பார்த்தேன். தொலை ஊர்களுக்குரிய அளவுகளில் பெரும்பான்மையானவை வெறும் வயிற்றுச் சோதனைகள். அருகில் இருப்பவர்களுக்கு எந்தக் குறிப்பும் இல்லாத அளவுகளே மிகுதி. இரண்டையும் நான் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறேன். இதை எந்தப் புள்ளியியல் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்காது. மிக்க நன்றி.

வீட்டுக்கு மருந்து போவது பற்றி யோசிக்கும்போது இன்னொரு சிக்கல் தெரிகிறது. நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் வீட்டிலேயே மருந்து பெற்றுக்கொண்டு ஏட்டிலிருந்து மறைந்தால், ஏட்டில் மிஞ்சுகிறவர்கள் நோய் முற்றியவர்களாகத் தெரிய வேண்டும். மருத்துவர் ஐயா சொன்னபடி மிகவும் நலிந்தவர்கள் வர முடியாமல் மறைந்தால், மிஞ்சுகிறவர்கள் நலமாக இருப்பவர்களாகத் தெரிய வேண்டும். இரண்டும் எதிர் எதிர்த் திசையில் இழுக்கின்றன. எது எவ்வளவு இழுக்கிறது என்பதை ஏட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியுமா?

தொழில் என்ற கட்டமும் உதவவில்லை. ஆண்களில் பெரும்பாலோருக்குக் கூலி என்றும், பெண்களுக்கு இல்லத்தரசி என்றும் எழுதியிருக்கிறது.

ஊரக மருத்துவர் எழுதியது:

முடியாது. தேர்ந்தெடுத்த சில ஊர்களில் மறைந்தவர்களைத் தேடிப் போய்த்தான் பிரிக்க வேண்டும். எல்லோரையும் தேட வேண்டியதில்லை. குலுக்கல் முறையில் ஒரு சிறு கூட்டத்தை எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் உங்களிடம் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது. மருத்துவமனைப் பணியாளர்கள் வழியாக, நெறிமுறைக் குழுவிடம் தனியாக ஒப்புதல் வாங்கித்தான் செய்ய வேண்டும்.

தொழிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது முதல் வருகையின்போது ஒரே ஒரு முறை எழுதப்படுவது. என்னிடம் வந்த ஒரு கொத்தனார், காலில் புண் ஆறாமல் போய்ச் சாரம் ஏற முடியாதவர் ஆனார். பிறகு இரவுக் காவலுக்குப் போனார், அதுவும் நின்றது. சீட்டில் கடைசி வரை கொத்தனார் என்றே இருந்தது. வறுமை நோயைக் கொண்டுவருகிறதா, நோய் வறுமையைக் கொண்டுவருகிறதா என்ற கேள்விக்குக் காலவரிசையுள்ள பதிவேடு விடை தர முடியும் என்பதே அதன் பெருமை. ஆனால் நோயின் பக்கத்துக்குத்தான் தேதி இருக்கிறது, வாழ்க்கையின் பக்கத்துக்கு இல்லை.

பழைய பாடநூல் எண்ணம் ஒன்றையும் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் பணக்காரர் நோய் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2017 இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்னும் நாடளாவிய சர்க்கரை நோய் ஆய்வு, பதினைந்து மாநிலங்களில் (அவற்றில் ஒன்றான சண்டிகர் யூனியன் பிரதேசம்) 57,117 பேரிடம் நேரடியாகச் சோதித்ததில், கிராமப்புறங்களில் வசதி உள்ளவர்களிடமே நோய் அதிகம் இருந்தது. ஆனால் சண்டிகர், மகாராட்டிரம், தமிழ்நாடு ஆகிய வசதியான இடங்களின் நகரப் பகுதிகளில் அது தலைகீழானது. வசதி குறைந்தவர்களிடம் நோய் கூடுதலாக இருந்தது. ஆகவே உங்கள் மருத்துவமனையின் எல்லைக்குள்ளேயே நகரத்தில் ஒரு சாய்வும் ஊர்ப்புறத்தில் எதிர்ச் சாய்வும் இருக்கலாம். இரண்டையும் கலந்து ஒரே கணக்குப் போட்டால், ஒன்றை ஒன்று அழித்து, வறுமைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று வந்து நிற்கும்.

அனுராதபுரத்தில் பணிபுரிந்தவர் எழுதியது:

இலங்கையிலிருந்து ஒரு செய்தி. வட மத்திய மாகாணத்தில் காரணம் அறியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் 1990களில் கவனத்துக்கு வந்தது, மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான். சர்க்கரையோ உயர் அழுத்தமோ இல்லாத, நெல் வயலில் வேலை செய்கிற, நடுவயது ஆண்கள் ஒரே சுற்றுவட்டாரத்திலிருந்து சிறுநீரகம் பழுதாகி வந்தார்கள். இன்றும் நீர், வெப்பம், வேளாண் இரசாயனம் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன, முடிவு எட்டப்படவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த நோயாளியின் அட்டையில் ‘விவசாயி’ என்ற ஒரு சொல்லும் ஊர்ப் பெயரும் இல்லாமல் போயிருந்தால், அந்த ஒழுங்கு கண்ணில் பட்டிருக்க இன்னும் காலமாகியிருக்கும். ஆகவே தொழிற் கட்டம் பயனற்றது என்று தங்கை அதைத் தள்ளிவிட வேண்டாம். கூலி என்று எழுதுவதற்குப் பதிலாகச் செங்கல் சூளையா, கரும்பு வெட்டா, கட்டட வேலையா என்று எழுத வைக்க முடிந்தால், அது ஒரு ஆய்வேட்டை விடப் பெரிய பயன்.

தரவுப் பொறியாளர் எழுதியது:

எழுதி வாங்குவது காலம் பிடிக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு ஆன சிகிச்சைச் செலவு மிகத் துல்லியமாகக் கணினியில் இருக்கும் அல்லவா? நோயின் கடுமைக்கு அதையே அளவாக எடுத்துக்கொண்டால் விடுபட்ட சோதனைகளின் தொல்லை இல்லை.

எடின்பரோ தமிழர் எழுதியது:

அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன், ஏனென்றால் அதே தவற்றை அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லும் ஒரு மென்பொருள், நோயின் கடுமைக்குப் பதிலாக வருங்காலச் செலவைக் கணித்தது. அதில் இனம் என்ற தகவலே இல்லை. ஆயினும் ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளையரை விடக் கறுப்பினத்தவர் கூடுதல் நோயோடு இருந்தார்கள் என்பதை 2019 இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஒரே அளவு நோய்க்குக் கறுப்பினத்தவருக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு என்பதே காரணம். அந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கணித்தார்கள்.

செலவு என்பது ஒருவர் பெற்ற கவனிப்பின் அளவு. கிடைக்காத சிகிச்சைக்குச் செலவும் இல்லை. வேல்ஸ் நாட்டின் சுரங்க ஊர் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971 இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. நல்ல மருத்துவம் தேவைப்படும் மக்களிடம்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்றார். அந்த விதி நடக்கிற இடத்தில் எடுத்த எந்தப் பதிவுக்குள்ளும் அந்த விதியும் இருக்கும்.

பொதுநல மாணவி எழுதியது:

அப்படியானால் ஸ்காட்லாந்தில் செய்தது போல ஊர்ப் பெயரை 2011 கணக்கெடுப்போடு இணைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அதைச் செய்யும்போது ஒன்று உறுத்தியது. என் அம்மாவின் ஊருக்குப் பதிவேட்டில் ஒரே பெயர். உண்மையில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். பேருந்து நிற்பது ஊரில். காலனிக்கு அங்கிருந்து நடக்க வேண்டும். கிராமத்தின் சராசரியை இருவருக்கும் கொடுத்தால் நான் அளக்க நினைத்த வேறுபாடே கரைந்துவிடுகிறது.

ஊரக மருத்துவர் எழுதியது:

இந்த இழையில் எழுதப்பட்டவற்றில் இதுவே மிக முக்கியமான வரி என்று கருதுகிறேன். சாதியைப் பதியாத பதிவேடு சாதியற்ற பதிவேடு ஆகாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்பட்டோர் என்று கேட்டுப் பதிகிறது. அதனால்தான் அந்தத் தரவில் இந்த வேறுபாடுகளைப் பேச முடிகிறது. மருத்துவமனையிலும் கேட்டுப் பதிய வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் படித்தவர் எழுதியது:

மருத்துவருடைய நோக்கத்தை மதிக்கிறேன், ஆனால் வழியை ஏற்கவில்லை. கணக்கெடுப்புக்கு வருகிறவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். மருத்துவமனைச் சீட்டோ நோயாளியின் கையோடு ஒவ்வொரு மேசைக்கும் போகும். வரிசையில் நிற்கும் ஒருவரிடம் எல்லோர் காதிலும் விழும்படி சாதியைக் கேட்பதால் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். சிலர் மறுமுறை வரவே மாட்டார்கள். அப்போது இன்னும் பெரிய ஓட்டை ஏட்டில் விழும்.

பெயரை நீக்கிவிட்டோம் என்பதும் போதிய காப்பு அல்ல. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிஞர் லடான்யா ஸ்வீனி 2000 இல் காட்டினார். அதற்கு முன்பே, பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளில் இருந்து மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் பதிவை அவர் கண்டெடுத்திருந்தார். முந்நூறு வீடுள்ள ஊரில், காலனி, ஐம்பத்திரண்டு வயது, பெண், கால் அகற்றப்பட்டவர் என்றால் அது யார் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

2023 இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனி ஒருவரைப் பற்றிய முடிவு எதையும் எடுக்கப் பயன்படுத்தாத ஆய்வுகளுக்கு, வகுக்கப்பட்ட நெறிகளின்படி நடந்தால் விலக்கு தருகிறது. சட்டம் விலக்கு தருவதால் ஊராரின் நம்பிக்கை கிடைத்துவிடாது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவப் பதிவுகளை எல்லாம் ஓரிடத்தில் திரட்ட முயன்ற கேர்.டேட்டா திட்டம், யார் யாருக்குத் தரவு போகும் என்பதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லாததால் 2014 இல் நிறுத்திவைக்கப்பட்டு 2016 இல் கைவிடப்பட்டது.

எடின்பரோ தமிழர் எழுதியது:

அந்தத் தோல்விக்குப் பின் வந்த நல்ல வழியையும் சொல்ல வேண்டும். 2020 இல் கொரோனா காலத்தில் உருவான ஓப்பன்சேஃப்லி அமைப்பில், பதிவுகள் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஆய்வாளர் தம் கணினி நிரலை எழுதி அனுப்புவார், அது தரவு இருக்கும் இடத்திலேயே ஓடி, கூட்டுத்தொகை அட்டவணைகள் மட்டும் சரிபார்க்கப்பட்டு வெளியே வரும். யார் எந்த நிரலை ஓட்டினார்கள் என்பது எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். 1.7 கோடிக்கும் மேற்பட்ட வயது வந்தோரின் பதிவுகளில், கொரோனாவால் இறந்த 10,926 பேரை ஆராய்ந்து, வறுமையும் இனமும் இறப்போடு எவ்வாறு தொடர்புற்றிருந்தன என்று அதில்தான் பார்த்தார்கள்.

உங்கள் அளவில் இதைச் செய்யக் கணினி மையம் தேவையில்லை அம்மா. ஊர், காலனி என்ற பிரிப்பை மருத்துவமனைக்குள்ளேயே பணியாளர் ஒருவர் செய்து, தொலைவு, வீட்டு நிலை என்ற இரண்டு மூன்று படிநிலைகளாக மாற்றி, ஊர்ப் பெயரை அழித்துவிட்டு உங்களுக்குத் தரட்டும். அட்டவணையில் பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கட்டம் எதையும் அச்சிடாதீர்கள்.

ஊரக மருத்துவர் எழுதியது:

வரிசையில் வைத்துக் கேட்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கேட்காமலே விட்டுவிடலாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். எடின்பரோ நண்பர் சொன்ன வழியில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

பொதுநல மாணவி எழுதியது:

வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். ஆய்வின் கேள்வியையே மாற்றுகிறேன். யாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பதற்குப் பதிலாக, முதல் வருகைக்குப் பின் ஓராண்டுக்குள் யாருடைய பதிவு நின்றுபோகிறது, யாருக்கு எச்பிஏ1சி ஒரு முறைகூடச் செய்யப்படவில்லை என்பதை ஆராயப் போகிறேன். நகரத்தையும் ஊர்ப்புறத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுவேன். நின்றுபோனவர்களில் குலுக்கி எடுத்த சிலரை, ஒப்புதல் கிடைத்தால், மருத்துவமனையின் களப்பணியாளர் வழியாகச் சந்திப்பேன். செவிலியர் அம்மா, அவர்களிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?

தொற்றா நோய்ச் செவிலியர் எழுதியது:

ஏன் வரவில்லை என்று மட்டும் தொடங்காதீர்கள். அது திட்டுவது போல இருக்கும். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று சொல்லி உங்களை அனுப்பி வைத்துவிடுவார்கள். இப்போது மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கு வருகிறது என்பார்கள், மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்குகிறோம் என்பார்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே மாத்திரைதான், அதில் பாதி என்பார்கள். அதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். சோதனைச் சீட்டுகளையும் கேளுங்கள், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு நெகிழிப் பையில் அத்தனையும் பத்திரமாக இருக்கும். எங்கள் ஏட்டில் இல்லாத தேதிகள் அதில் இருக்கும். ஆள் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லும் வீடுகளும் வரும். அங்கே அந்தப் பையை வாங்கிப் பார்க்க வேண்டாம். எந்த மாதம் என்று மட்டும் கேட்டு வந்து சொல்லுங்கள், எங்கள் ஏடுகளில் அது எழுதப்படாமலே கிடக்கிறது.